கோண்டாவில் ரயில் கேற்

இரவு முழுக்க
இரத்தக் குப்பிகளுக்கு நம்பர் ஒட்டிய கை.
டெற்றோல் மணம் இன்னும் போகவில்லை.
வழியில் வாங்கிய றோஸ் பாண்
சைக்கிள் கூடைக்குள் சுடச்சுட.

கேற் விழுந்துவிட்டது.

முன்னால் மீன்பெட்டியோடு ஒரு மோட்டார் சைக்கிள்,
வெங்காய மூட்டைகளோடு லான்ட்மாஸ்டர்.
எல்லாருக்கும் அவசரம்.
எனக்கும்தான்;
ஏழரைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

ரயிலைக் காணவில்லை.

ஒருவரும் பார்க்காத மாதிரி
பேப்பருக்குள் விரலை விட்டுப்
பாணின் மூலையைக் கிள்ளுகிறேன்.
கருகிய ஓரம், மொறுமொறுவென்று.
பிறகு மற்ற மூலையும்.

"இண்டைக்கும் எலி கடிச்ச பாணோ?"
தயாபரன் கேட்பார்.
"ஓம். பெரிய எலி."

இணுவில் பக்கம் கூவிக் கேட்கிறது.

கொஞ்சம் பிந்தி வாவன்.