அதே ஆணி

டாண்டினோங் கோழித் தொழிற்சாலை.
சாப்பாட்டு அறையில்
மைக்ரோவேவுக்கு மேலே ஓர் ஆணி.

முன்பு அதில் டயர்க் கம்பனியின் கலண்டர் தொங்கியது.
மாதத்துக்கு ஒருத்தி.
என் சோற்றுப் பெட்டி சுற்றிச் சூடாகும் இரண்டு நிமிடமும்
அவளுடைய தொப்புளுக்கு நேரே என் நெற்றி.
முதுகுக்குப் பின்னால் மேசையில் கதை நின்றுவிடும்.
ஆறின சோறு தின்னப் பழகினேன்.

பிறகு கடிதம் எழுதினோம்,
துயெத், லொரெய்ன், பவளராணி, நான்.
எழுத்துப்பிழை பார்த்தது நான்தான்.
மரியாதை என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டேன்.
கலண்டர் போனது.
சுவரில் அழுக்குப் படாத ஒரு சதுரம் மிஞ்சியது.
ஆணியைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஜனவரியில் லொரெய்ன் கொண்டுவந்தாள்
தீயணைப்பு வீரர்களின் கலண்டர்.
தீக்காயம் பட்ட பிள்ளைகளுக்கு நிதியாம், பதினெட்டு டொலர்,
ஆளுக்கு நாலரை.
மேற்சட்டை இல்லை. எண்ணெய் பூசிய மார்பு.
ஒருவன் கையில் ஆட்டுக்குட்டி.
பன்னிரண்டு பேரையும் புரட்டிப் பார்த்து
ஒக்டோபரை எனக்கென்று ஒதுக்கி வைத்தேன்.
ஐம்பத்தொரு வயதில் அந்தச் சிரிப்பு
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த கிழமை சாரங்கன் வேலைக்கு வந்தான்.
இருபத்துமூன்று வயது,
பெட்டி தூக்கித் தூக்கித் திரண்ட தோள்.
"பதின்மூன்றாம் மாதம் வந்திட்டுது" என்றாள் லொரெய்ன்.
பவளராணி அவன் புயத்தைச் சாண் போட்டு அளந்தாள்,
நாங்கள் நாள் முழுக்கத் தொடை பிரிக்கிற அதே கையால்.
குளிரறைக்குள் சட்டையைக் கழற்றினால்
இருபது டொலர் என்று பந்தயம்.
எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

நாற்பத்தொரு டிகிரி வெய்யில்.
வெளியே, சிகரெட் பிடிக்கும் இடத்தில்,
கழுத்துவரை ஸிப் இழுத்த தடித்த சட்டையோடு
சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
ஆறின சோறு.

என்னிடம் நியாயங்கள் இருக்கின்றன.
இரவு வேலை முடிந்து கார் நிற்கும் இடத்துக்குப் போகையில்
அவன் சாவியை விரலிடுக்கில் செருகிக்கொள்வதில்லை.
அவனைப் பார்த்துச் சிரித்த எவளும்
ஸ்டேஷன்வரை பின்னால் வந்ததில்லை.
எனக்குப் பின்னால் வந்திருக்கிறார்கள், இரண்டு தரம்.
தராசு வைத்தால் என் தட்டுத்தான் தாழும்.
தாழட்டும்.
அவனுடையது வெறுந்தட்டு இல்லையே.

"பிடிக்காட்டில் சொல்லு தம்பி" என்றேன்.
"சே, பரவாயில்லை அக்கா. பகிடிதானே."

அந்தப் பரவாயில்லையை எனக்குத் தெரியும்.
சோற்றில் கடிபட்ட கல்லைச்
சபையில் துப்ப முடியாதவளாய்
பதினொரு வருசம் அதை வாயில் வைத்திருந்தேன்.

உள்ளே வந்தேன்.
கலண்டரைக் கழற்றவில்லை. கை போனது, கழற்றவில்லை.
லொக்கரில் பழைய கடிதத்தின் நகல் கிடந்தது.
நின்றபடியே வாசித்தேன்.
நல்ல கடிதம். பிழையே இல்லை.
தேதியை மாற்றினால் இன்றைக்கும் கொடுக்கலாம்.
அடியில் இருக்கிற நாலு பெயர்களையும்
எந்த இடத்தில் எழுதுவது என்பதுதான்
தெரியவில்லை.