கோட்ர்பா பாலத்தின் கோப்பு

சுத்தியலால் தட்டிக் கேட்பது என் வேலை.
நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும்.
உள்ளே விட்டுப்போனது
டொக் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும்.
அயோவாவின் இந்த மூலையில்,
இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை
லாரிகளின் தலைக்கு மேல் தொங்கியபடி
நான் கேட்டதில் அதிகமும் டொக்.

கோப்பின் முதல் தாளில் பாலமே இல்லை.
ஒரு வரைபடம். ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு.
கோட்டுக்குத் தெற்கே வீடு, கொட்டகை, கிணறு.
வடக்கே புல்.
லாடிஸ்லாவ் கோட்ர்பா
கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார், மூன்று முறை.
மூன்றாவது கடிதத்தில் இவ்வளவுதான்:
"என்னிடம் மாடுகள் நாற்பத்தொன்று.
அவற்றுக்குப் பறக்கத் தெரியாது."

அதனால் கட்டினார்கள்.
அறுபத்திரண்டாம் வருடம், பன்னிரண்டடி அகலத்தில்.
திறப்பு நாளன்று பாண்டு வாத்தியம், எலுமிச்சைச் சாறு,
நாடா வெட்ட ஓர் அதிகாரி.
மாடுகள் நகரவில்லை.
கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில்
கீழே கார்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டன.
அதிகாரி பேசிக்கொண்டே இருக்க
அல்பீனா கோட்ர்பா வீட்டுக்குப் போய்
கட்டில் விரிப்புகளை அள்ளிவந்து
இரண்டு பக்கமும் கட்டினாள்.
எல்லாம் பூப்போட்டவை, ஒன்றில் காபிக் கறை.
அப்புறம் ஒவ்வொன்றாகக் கடந்தன,
அரசாங்கத்தை நம்பாமல்
அல்பீனாவின் துணியை நம்பி.

விரிசலைக் காட்ட எடுத்த படங்கள் இவை.
ஓரத்தில் தற்செயலாய்த் துணி விழுந்திருக்கிறது.
எழுபத்தொன்றில்:
"டுவைட், வீடு வந்தாச்சு, மெதுவாக ஓட்டு."
எண்பத்தைந்தில் எதுவும் எழுதாத வெறும் விரிப்பு.
கோட்ர்பாவின் மகன் மாடுகளை ஏலத்தில் விட்ட வாரம் அது,
பால் விலை அப்படி.
தொண்ணூற்று நான்கில், மேற்கே போகிறவர்கள் படிக்க:
"ரோண்டா, என்னைக் கட்டிக்கொள்வாயா?"
மறுபக்கப் படத்தில், கிழக்கே போகிறவர்களுக்கு,
வேறு கையெழுத்தில்:
"யோசிக்கிறேன்."

இரண்டாயிரத்து மூன்று, அக்டோபர்.
அரை வீட்டை ஏற்றிவந்த லாரி இடித்தது.
குளியலறை ஜன்னல் திரையோடு
சாலை நடுவே நின்றது, உடையாமல்.
ஓட்டுநரின் வாக்குமூலம்:
"போன தடவை வந்தபோது பாலம் இவ்வளவு தாழ்வாக இல்லை."
எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.
ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ குறித்திருக்கிறார்கள், ஹா.
அந்த ஆள் சொன்னது பொய்யில்லை.
சாலைக்கு மேல் சாலை, தாருக்கு மேல் தார்.
பாலம் இறங்கவில்லை, கீழே இருந்தது ஏறிவந்தது.
பலகையிலிருந்த உயரத்தை மட்டும்
ஒருவரும் திருத்தவில்லை.
நானும்தான், இரண்டு தடவை.

தளத்தின் வடமுனையில் ஏழு குழிகள்.
"மேற்பரப்புக் குறை. எண்ணிக்கை ஏழு.
நடவடிக்கை தேவையில்லை."
எனக்கு முன் நாலு பேர் இதையே எழுதியிருக்கிறார்கள்,
அதே சொற்களில், அதே வரிசையில்.
முதல் தடவை குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது
ஒவ்வொன்றும் நடுவில் பிளந்திருப்பது.
கன்றுக்குட்டி.
காரை காயும் முன்னே,
நாடா வெட்டும் முன்னே,
ஏழும் தெற்கே பார்த்தவை.
எட்டாவது அடியில் யாரோ பிடித்து இழுத்திருக்க வேண்டும்.
கான்கிரீட் போட்ட அந்த மேஸ்திரி
ஏன் பூசி மறைக்காமல் விட்டான் என்று
கோப்பு சொல்லவில்லை.
மழை நாளில் ஏழிலும் தண்ணீர் நிற்கும்.

இந்த வசந்தத்தில் புதுப்பாலம்.
இரண்டடி கூடுதல் உயரம், சைக்கிளுக்குத் தனித் தடம்.
இடிக்கப்போகும் பாலத்துக்கு ஆய்வு தேவையில்லை.
இருந்தும் சனிக்கிழமை சாயங்காலம் போனேன், தட்டினேன்.
கம்பியில் கிடந்த விரிப்பை வேலையாட்கள் அவிழ்த்து
என்ன செய்வதென்று தெரியாமல்
மடித்து என் கையில் கொடுத்தார்கள்.
இயந்திரம் ஓட்டுகிறவர் பெயர் க்ளின்ட்.
"வடமுனையைக் கடைசியாக வைத்துக்கொள்ள முடியுமா?"
"ஏன்?"
காரணம் என்று காட்ட என் கோப்பில் எதுவும் இல்லை.
ஏழு, நடவடிக்கை தேவையில்லை.

வடமுனையிலிருந்துதான் ஆரம்பித்தார்.
இயந்திரம் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தது.