வெளியீட்டுப் பட்டியல்

பதவியுயர்வுப் படிவம் கேட்கிறது:
கட்டுரைகள் எத்தனை?
பதினேழு என்று எழுதுகிறேன்.

நான்காவது, மனிதக் குடல்.
ஐந்தாவது, கன்றுகளின் இரத்தக்கழிச்சல்.
"துறை ஏன் மாறினீர்?" என்பார்கள் நேர்முகத்தில்.
மாறவில்லை.
ஒட்டுசுட்டானுக்கு அப்பால் அந்தக் குடிமனைக்கு
ஒரே துரவு;
பட்டி கலக்கிய தண்ணீரைத்தான்
பிள்ளைகளும் குடித்தார்கள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
நாலு வருடம்.
மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜில்
இருநூற்றுப் பதினொரு சாணிக் குப்பிகள்.
விட்டுவிட்டு நடந்தோம்.
கொப்பி மட்டும் மாப்பேணிக்குள் வந்தது.
அதன் கடைசி வரி:
வெள்ளைச்சி, ஏழு மாதச் சினை,
செல்லக்கண்டருடையது,
முடிவு பின்னர்.

அந்தப் பின்னர்
எந்தச் சஞ்சிகையிலும் வரவில்லை.

பதினேழை வெட்டுகிறேன்.
பிறகு அதையே திரும்ப எழுதுகிறேன்,
கொஞ்சம் சின்னதாய்.