ஒரு பைட் மிச்சம்

தாம்பெரே நகரின் ஐஸ் ஹாக்கி அரங்கில்
இரவு மூன்று மணி.
மேசைக்கடியில் ஷூவோடு தூங்குகிறார்கள் பாதிப் பேர்.
டூக்காவின் கீபோர்டு முழுக்கச் சிப்ஸ் தூள்.

போட்டிக்கு ஒரே விதி:
இருநூற்று ஐம்பத்தாறு பைட்டுக்குள்
ஓர் உலகம் ஓட வேண்டும்.
(இந்தக் கவிதையின் முதல் நாலு அடிகூட
அதில் அடங்காது.)

தைமி எழுதியது பனி.
விழும் பனி, வேறொன்றுமில்லை.
எண்ணிப் பார்த்தால் இருநூற்று ஐம்பத்தேழு.

வெண்பாவோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்
ஓர் அசை மிகுந்து தளை தட்டுகிற எரிச்சல்.

கணக்கைத் தொட்டால் பனி பக்கவாட்டில் ஓடியது.
நிறத்தைத் தொட்டால் திரை இருண்டது.
கண் செருகும் வேளையில்,
ஒவ்வொரு நொடியும் திரையைத் துடைத்துக்கொண்டிருந்த
அந்தக் கட்டளையைப் பிடுங்கி எறிந்தாள்.

விழுந்த பனி போகவில்லை.
விழுந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடாய் நின்றது.
கோட்டருகே கோடு,
நடுநடுவே கருப்புத் தழும்பு.
பிர்ச் மரங்கள்!
யாரும் எழுதாத காடு
மேலிருந்து கீழாக முளைத்தது.

மறுநாள் பெருந்திரையில் அது ஓடியபோது
தூங்கியவர்களும் எழுந்து கத்தினார்கள்.
"இத்தனை மரத்தை எங்கே ஒளித்து வைத்தாய்?"
என்றான் டூக்கா.
"எங்கேயும் இல்லை. துடைக்கத்தான் இடமில்லை."

மூன்றாம் பரிசு:
பழைய மதர்போர்டு ஒன்று,
உப்பு மிட்டாய் ஒரு பொட்டலம்.

வெளியே நிஜப் பனி, முழங்கால் வரை.
தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழல
பனி வழிக்கும் வண்டி வந்தது.
தைமி நடுத்தெருவில் நின்று
இரண்டு கையையும் விரித்தாள்.