பெயரும் கேடயமும்

அப்பா இறந்த பதினோராம் நாள்
பெய்ஸ்லியிலிருந்து வந்தார் வாரிசு.
கடிகாரம் பழுதுபார்ப்பவர்.
தாத்தாவின் தாத்தாவுக்குத் தம்பி வழி.
கோட்டுப் பையில் சிறு திருப்புளி,
பூட்ஸ் முழுக்க எங்கள் சேறு.

நிலத்தை ஒப்படைக்க
ஒரு கல்லும் ஒரு பிடி மண்ணும் வேண்டுமாம்.
அதிகாரி என்னைப் பார்த்தார்.
ஆட்டுப்பட்டிச் சுவரிலிருந்து ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தேன்,
போன பனிக்காலம் நானே அடுக்கியது.
அதை அவர் உள்ளங்கையில் வைத்தார்கள்.
எடை பார்ப்பதுபோல் ஒருமுறை ஏந்தினார்.
டிரம்கார்வி அவருடையது.

அவருடையது என்றும் சொல்லிவிட முடியாது.
சர் கில்பர்ட் எழுதிய பத்திரம்
எடின்பரோ பதிவேட்டில் இருக்கிறது:
விற்காதே. கடனுக்கு ஈடு வைக்காதே.
வரிசையை மாற்றாதே.
ஆண் வழி, அது அற்றால் இன்னோர் ஆண் வழி.
என் பெயரைச் சூடு, என் கேடயத்தைத் தாங்கு.
மீறினால்
நீ செத்துப்போனதாகக் கொண்டு
அடுத்தவனுக்குப் போய்விடும்.

நூற்றுப் பத்து வருடமாய் மண்ணுக்குள் கிடக்கிறார்.
கூரைக்கு ஒரு சிலேட் மாற்றவும்
அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"மேட்டு வயலை விற்று ஒழுகலை அடைக்கலாமே?" என்றார் வாரிசு.
அப்பாவும் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.
கணக்குப் புத்தகங்களைக் கொடுத்தேன்,
பதினாறு வருடக் குத்தகை, கம்பளி, ஆட்டுக்குட்டி.
"அழகான கையெழுத்து. யாருடையது?"
குமாஸ்தா என்றேன்.

ஞாயிறு மாலை தபால் பையில்
அவர் தாய்க்கு ஒரு கடிதம்.
மடிப்பு மட்டும்தான், அரக்கு இல்லை.
படித்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

'அறை குளிர்கிறது அம்மா.
மூன்று கடிகாரமும் நின்றுகிடந்தன,
இரண்டை ஓட வைத்துவிட்டேன்.
இங்குள்ள பெண் அதிகம் பேசுவதில்லை.
உன் மகன், நினியன் ராப்.'

ராப்.
டிரம்கார்வி அல்ல.

விரல் விட்டு எண்ணினேன்.
இவருக்குப் பின் லீத் துறைமுகத்தில் ஒரு கேப்டன்,
அவனுக்கு மகன்கள் நால்வர்,
ஆண்ட்வெர்ப்பில் ஒரு பிராந்தி வியாபாரி,
அவன் தம்பிகள், தம்பி பிள்ளைகள்.
பதினான்கு ஆண்கள் தாண்டிக்
கடைசி வரியில், 'மற்று யாராயினும்.'

அந்த யாராயினும்
நான்தான்.

அரக்கை உருக்கி ஊற்றினேன்.
முத்திரை மேசையில்தான் இருந்தது,
கேடயம், மூன்று நாரை.
அதைத் தொடவில்லை.
தையல் விரலுறையால் அழுத்திப்
பைக்குள் போட்டேன்.

மாடியில் வாளி நிரம்பியிருக்கும்.
மாற்றி வைக்கப் போனேன்.