முதுகில் சிப் வைத்த சட்டை

பஞ்சிகாவத்தையில்
கார்க் கதவுகளுக்கும் கியர்ப்பெட்டிகளுக்கும் பின்னால்
ரவூப் நானாவிடம் அவன் வாங்கி வந்தது
தலையில்லாத செம்மஞ்சள் ஆள் ஒருவனை.
பதினெட்டாயிரம்.
என் சீட்டுக் காசு.

கழித்துவிட்ட கப்பலொன்றின் சாமானாம்.
கழுத்துக்குள் அழியாத மையில் ஒரு பெயர்: ஹோல்கர்.
பனிக்கட்டி மிதக்கிற எந்தக் கடலிலோ
ஒரு சொட்டும் நனையாமல் மீன் இழுத்திருப்பான்.
இங்கே முகத்துவாரத்தில்
சுவரும் வியர்க்கிற வீட்டில்
சீத்தைச் சட்டைகளுக்கு நடுவே
கொடியில் தொங்கினான்.

'கச்சான் அடிச்சால் கடல் குளிருமடி' என்றான் செலஸ்தீன்.
'கச்சான் வறுத்து வித்தாலாவது காசு வரும்' என்றேன்.
அவ்வளவுதான்.
பிறகு ஒன்பது நாள்
உப்பு எங்கே என்பதையும்
மகளிடம்தான் கேட்டோம், இருவரும்.

ஆனால் ஓட்டையோடு ஒரு துணியை
என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.
நான் அறியாத குளிருக்காக
பதினொரு வருடம் கார்மெண்டில் ஜக்கெட் தைத்தவள்.
அவன் இல்லாத மத்தியானம்
மணிக்கட்டுகளை ரப்பரால் கட்டி,
கழுத்தில் ஊறுகாய்ப் போத்தலைச் செருகி,
சைக்கிள் பம்பால் காற்றடித்தேன்.
ஹோல்கர் எழுந்து உட்கார்ந்தான்.
மகள் போத்தலின் மேல் தொப்பி வைத்தாள்.
சவர்க்கார நுரை பூசிக் காத்திருந்தேன்:
இடது முழங்காலில் ஒரு குமிழி,
அக்குளில் இரண்டு, சின்னதாய், மூச்சு விடுவது போல.
பழைய டியூப்பை வட்டமாக வெட்டி
சொலூசன் தடவி ஒட்டினேன்.
சிப்புக்கு, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரி.
ஒட்டியதைப் பார்த்திருப்பான்.
ஒன்றும் சொல்லவில்லை.

கடலுக்குப் போகவேண்டாம் என்றது ரேடியோ.
ஆற்றுவாயில் பாரை நிற்கிறது என்றது போன்.
விடிய மூன்று மணி. தகரத்தில் மழை.
கால்களை விட்டான், கைகளை விட்டான்,
இறுகிய ரப்பருக்குள்ளால் தலை
பிறக்கிற பிள்ளை மாதிரிச் சிவந்து வெளியே வந்தது.
பிறகு திரும்பி நின்றான்.

ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு
முதுகின் குறுக்கே ஓடுகிறது சிப்.
எவனுடைய கையும் தன் முதுகில்
அவ்வளவு தூரம் போகாது.
கடலுக்கென்று இதைச் செய்தவர்கள்
வீட்டில் இன்னொருவர் இருப்பார் என்று
நம்பியிருக்கிறார்கள்.

அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
இழுத்தேன். பல் பல்லாகப் பூட்டியது.

ரவூப் நானா போனில் சொல்லியிருந்தார்:
'தங்கச்சி, காலுக்குள்ள காத்து நிண்டா
ஆள் தலைகீழ்.'

'குந்து' என்றேன்.
ஒன்பது நாளில் முதல் சொல்.
குந்தினான்.
கழுத்து ரப்பருக்குள் ஒரு விரலை விட்டு
மற்றக் கையால் பின்னாலிருந்து வளைத்து அமுக்கினேன்.
ஸ்ஸ்ஸ் என்று
மீன்குழம்பும் நுளம்புத்திரியும் மணக்க
எங்கள் வீட்டுக் காற்று
அவன் காதோரமாக வெளியேறியது.
கட்டிப்பிடித்ததாக நினைத்திருப்பான்.
நான் காற்றைத்தான் இறக்கினேன்.
தேவைக்கு மேலே கொஞ்ச நேரம் இறக்கினேன்.

பத்து மணிக்குக் கரைக்குப் போனேன்.
குடை உள்வெளியாகி ஒடிந்தது.
சாம்பல் கடல், சாம்பல் வானம்,
எது எதில் முடிகிறது என்று தெரியவில்லை.
அதில் ஒரு செம்மஞ்சள் புள்ளி
மேலே வந்தது, காணாமல் போனது,
மேலே வந்தது.
அந்த நிறத்துக்காக மட்டும்
ஹோல்கர், உனக்குப் புண்ணியம்.

மூன்று பாரை. முறிந்த துடுப்பு ஒன்று.
கூடப் போன மரியதாஸ்
உதடு நீலமாகி, சாரம் ஒட்டி, பல் கிட்டி நின்றான்.
அவனுக்குத்தான் முதல் தேத்தண்ணி.

செலஸ்தீன் கதவடியில் முதுகைக் காட்டி நின்றான்.
கடல் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லையாம்;
தன்னுடைய வியர்வையிலேயே
ஊறிப்போய் நிற்கிறானாம்.
'கெதியா இழு.'
'கேத்தில் கொதிக்குது' என்றேன்.
'அடியே, ஏழு மணித்தியாலமா அடக்கி வச்சிருக்கிறன்.'

சீனி போட்டேன்.
கிளறினேன்.
ருசி பார்த்தேன்.
இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.