நூற்று இருபத்தொன்பது ரிங்கிட்

மஸ்ஜிட் இந்தியா சந்தில்
மழைக்குத் தார்ப்பாய் இழுத்துவிட்ட கடை.
பெரியதன் வயிற்றில் நடுத்தரம்,
அதன் வயிற்றில் சின்னது.
இருபத்தெட்டு அங்குலம், நூற்று இருபத்தொன்பது ரிங்கிட்.
மிட்வேலியில் இதே உயரம் அறுநூற்றுத் தொண்ணூறு.
அங்கே விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
கழிப்பறையைத் தேடி வந்தவன்போல
நடந்துவிட்டேன்.

"நல்ல கெட்டிண்ணே" என்கிறான் கடைப்பையன் நிஜாமுதீன்.
செருப்பைக் கழற்றி வைத்து
பெட்டிமேல் ஏறி நின்று காட்டுகிறான்.
ஐம்பது கிலோ இருப்பான்.
பெட்டி முனகவில்லை.

தம்பி, பெட்டிமேல் யாரும் ஏறி நிற்பதில்லை.
மூலைதான் முதலில் இறங்கும்,
இடுப்பு உயரத்திலிருந்து, ஈரத் தரையில்,
சக்கரம் இருக்கிற மூலை.
அவனிடம் சொல்லவில்லை.
எப்படித் தெரியும் என்று கேட்பான்.

பதினேழு வருஷமாக
விமானத்தின் அடிவயிற்றில் முழங்காலிட்டுப்
பெட்டி அடுக்குகிறவன் நான்.
மேல்தட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.
பெட்டிக்காரர்களின் முகம் தெரியாது, கைப்பிடி தெரியும்:
சிவப்பு ரிப்பன், சாமிக் கயிறு,
அடையாளத்துக்குக் கட்டிய ஒற்றைக் காலுறை.
திருச்சி விமானம் என்றால்
முதுகுக்கு முதல்நாளே தெரிந்துவிடும்.

இப்போது அந்தத் திருச்சிக்குத்தான்
நானும் குணமலரும்.
அவள் தம்பிக்குப் பெண் அந்தப் பக்கம்.
ஆளுக்கு இருபத்தைந்து கிலோ.
வெறும் பெட்டியே நாலு கிலோ என்றால்
இரண்டு மைலோ டின் வெளியே நிற்கும்.
பக்கத்து வீட்டுத் தங்கலெட்சுமி
இரவல் தருகிறேன் என்றாள்.
அதில் ஒரு சக்கரம் கிடையாது.
திரும்பும்போது அவளுக்கு வாங்கிவர வேண்டியவற்றின்
பட்டியல் உண்டு.

கட்டைவிரலால் நடுவில் அழுத்துகிறேன்.
உள்ளே போகிறது, திரும்பி வர யோசிக்கிறது.
நல்ல ஓடு உடனே வந்துவிடும்.
மட்டமானதில் வெள்ளைக் கோடு விழும்,
அப்புறம் அந்தக் கோட்டு வழியேதான் எல்லாம்.
ஜிப்பை ஒரு பேனா முனை திறக்கும்,
பூட்டு நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.
இழுகம்பி கடைவாய்ப் பல்போல ஆடுகிறது.
இவ்வளவும் தெரிந்தவன் வாங்கக் கூடாது.
தெரிந்தவனுக்குத் தன் சம்பளமும்
தெரிந்திருக்கிறது.

போன நவம்பரில் ஒன்று வெடித்தது.
இதே பச்சை, இதே வரிகள்.
அடைமழை. பெல்ட்டிலிருந்து இறக்கும்போது கை நழுவியது.
என் கைதான்.
குழந்தையின் பள்ளிக் காலணி, சர்க்கரை மாத்திரை,
நாலாய் மடித்த ஓர் உள்பாவாடை.
அஸ்ருலும் நானும் முட்டிபோட்டுப் பொறுக்கினோம்.
உள்பாவாடையை அவன்
வேறெங்கோ பார்த்தபடி எடுத்தான்.
மஞ்சள் டேப்பை ஆறு சுற்றுச் சுற்றி
ஏற்றி அனுப்பினோம்.
யாரோ எங்கேயோ அதைக் கண்டு
எங்கள் அம்மாக்களை வம்புக்கு இழுத்திருப்பார்கள்.

"கடைசியா நூத்திப் பத்து" என்கிறான் நிஜாமுதீன்.
"வாரண்டி?"
"கடை வாசல் வரைக்கும்."
இருவரும் சிரித்துவிட்டோம்.
சிரித்த பிறகு பேரம் பேச முடியவில்லை.

எல்ஆர்டியில் காலிப் பெட்டி தானாக உருண்டுபோய்
ஒரு சீனத் தாத்தாவின் முட்டியைத் தொட்டது.
அவர் அதை மெல்லத் திருப்பி அனுப்பினார்.
செந்தூல் வரை ஒரு காலால்
அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

குணமலர் குளிக்கிற நேரம் பார்த்து
இடுப்பு உயரம் தூக்கி
சக்கர மூலை கீழே வரும்படி
ஒரே ஒருமுறை
விட்டேன்.

"என்ன விழுந்துச்சு?"
"ஒண்ணுமில்ல."

உள்ளே கைவிட்டுக் குழியைத் தள்ள
டொக்கென்று வந்துவிட்டது.
மயிரிழையாய் ஒரு கோடு மட்டும், வெள்ளையாக.

ஈரக் கையோடு வந்தவள் தடவிப் பார்த்தாள்.
"வாங்கும்போதே இருந்துச்சா?"
"ம்."
"அதான் கொறச்சுக் குடுத்திருக்கான்" என்று
புடவைகளை எடுத்துவரப் போனாள்.